ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 240 மில்லி கப்பை எடுத்துக்கொள்வோம். மைதாவை முதலில் கிளறிவிட்டு, கரண்டியால் அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம் வரை நிற்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்திக் கோரினால் 145, 150 என்று ஏறிவிடும். மூன்று கப் மாவு கேட்கும் கேக்கில் 90 கிராம் வரை கூடுதல். முட்டையும் பாலும் அதே அளவுதான் இருக்கின்றன. கேக் வறண்டு, மேலே வெடித்து வருகிறது. பழி பெரும்பாலும் அடுப்பின் மேல் விழும்.

கப் அளப்பது இடத்தை. அந்த இடத்தில் மாவோடு காற்றும் உட்கார்ந்திருக்கிறது. சீனியில் இந்தத் தொல்லை குறைவு. எப்படிப் போட்டாலும் 200 கிராமை ஒட்டியே நிற்கும். ஆகவே கப்பைக் கிராமாக மாற்றும் அட்டவணைகளில் சீனிக்குள்ள எண்ணை நம்பலாம், மாவுக்குள்ள எண்ணை அவ்வளவு நம்ப வேண்டாம். சொல்வரிசையையும் கவனியுங்கள். ‘சலித்த மாவு ஒரு கப்’ என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். ‘ஒரு கப் மாவைச் சலித்து’ என்றால் அளந்த பிறகுதான் சல்லடை.

திரவம் என்றதும் மில்லியும் கிராமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அது தண்ணீருக்கு மட்டும். 100 மில்லி பால் சுமார் 103 கிராம், எண்ணெய் 92, தேன் 140-க்கும் மேல்.

இன்னொரு குழி அவுன்ஸ். எடை அவுன்ஸ் 28.35 கிராம், அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. பெயர் ஒன்றுதான், ஆனால் முதலாவது அளப்பது எடையை, இரண்டாவது அளப்பது இடத்தை. 8 அவுன்ஸ் மாவு என்றால் 227 கிராம். அளவுக் குவளையில் 8 என்ற கோடுவரை மாவை நிரப்பினால் கிடைப்பது கிட்டத்தட்ட பாதிதான்.

கப்பும் ஊருக்கு ஊர் வேறு: அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது எளிது. காலிக் கப்பைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் அதன் மில்லி. பிறகு ஈரம் துடைத்து, வழக்கம்போல் மாவை மூன்று தடவை அளந்து ஒவ்வொன்றையும் எடைபோடுங்கள். சராசரியை மாவு டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடலாம். மூன்றுக்கும் இடையே 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கை நிலையாக இல்லை, தராசுக்கே மாறிவிடுங்கள்.

தேனைக் கப்பில் ஊற்றினால் கால்வாசி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் போலிருக்கும். பாட்டிலையே தராசில் வைத்து பூஜ்ஜியமாக்கி, பாத்திரத்தில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 85 காட்டினால் கால் கப் போயிருக்கிறது.

தராசும் தடுமாறும் இடம் உண்டு. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசில் 2 கிராம் ஈஸ்ட் 1 என்றோ 3 என்றோ தெரியலாம். சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அசையவே அசையாது. 5 கிராமுக்குக் கீழே டீஸ்பூனைத் தலைதட்டி அளப்பதே மேல். உப்புக்கு மட்டும் அங்கேயும் எச்சரிக்கை வேண்டும்: ஒரு டீஸ்பூன் தூளுப்பு சுமார் 6 கிராம், லேசான செதில் உப்பு அதில் பாதிதான் இருக்கும்.