பழைய சிலிகான் டியூப்: இறுகுமா, ஒட்டுமா?

சிங்க் விளிம்பிலும் குளியலறை டைல்ஸ் மூலையிலும் தண்ணீர் கசியாமல் அடைக்கப் பயன்படும் சிலிகான் சீலன்ட், பெயின்ட் போலக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. வினிகர் வாடை வரும் வகையில், நீண்ட சிலிகான் சங்கிலிகளின் நுனிகளில் அசிட்டேட் தொகுதிகள் இருக்கும். ஈரம் பட்டதும் அவை அசிட்டிக் அமிலமாகக் கழன்றுவிட, சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து ரப்பராகின்றன. மூக்கைத் துளைப்பது அந்த அமிலம்தான்.

டியூப் கெடுவதற்கும் ஈரமே காரணம். பிளாஸ்டிக் சுவர் வழியாக அது மிக மெதுவாக உள்ளே ஊடுருவி, பிணைக்கும் வேதிப்பொருளைத் தின்றுகொண்டே இருக்கும். அப்போது சிலிகான் உள்ளேயே கட்டியாகலாம். அப்படியானால் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஏமாற்றுவது இன்னொரு நிலை: பசை வழவழவென்று வரும், ஆனால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்புப் போகாது. ஆகவே பசை சுலபமாக வெளிவருவதை வைத்து டியூப் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

பிரிக்காத டியூபுக்குப் பெரும்பாலும் 12 மாதம்வரை ஆயுள் குறித்திருப்பார்கள். அது குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்ததற்கான கணக்கு. வெயிலில் கொதிக்கும் தகர ஷெட்டுக்குப் பொருந்தாது.

டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கல் போல இருந்தால் தூக்கிப் போடலாம். ஏற்கெனவே திறந்தது என்றால், நாசிலில் இறுகிய அடைப்பில் நீளமான ஸ்க்ரூ ஒன்றைத் திருகி இழுத்துவிடுங்கள். முதலில் வரும் நாலைந்து சென்டிமீட்டரை ஒதுக்குங்கள். அதற்குப் பின்னும் கட்டிகளோ, பிரிந்த எண்ணெயோ வந்தால் அந்த டியூப் வேண்டாம்.

சீராக வந்தால், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்த உதிரி டைல் ஒன்றில் 3 மி.மீ. தடிமனுக்கு ஒரு கோடு இழுங்கள். தடிமன் கூடக் கூடாது. ஈரம் மேலிருந்து உள்ளே இறங்கவேண்டும் என்பதால், நல்ல சிலிகானே ஒரு நாளில் 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். வினிகர் வாடை வகை என்றால் அரை மணி நேரத்துக்குள் மேலே தோல் கட்டி, தொட்டால் விரலில் ஒட்டாமல் இருக்கவேண்டும். வாடையில்லாத வகைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மறுநாள் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இன்னும் பசையாக இருந்தால் மேலும் ஒரு நாள் விடலாம்; ஏசி அறையின் வறண்ட காற்றில் தாமதமாவது இயல்பு. அதற்குப் பிறகும் பசை என்றால் டியூப் கெட்டுவிட்டது.

இறுகினால் மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கோட்டின் ஒரு முனையைப் பிளேடால் கிளப்பி இழுங்கள். ரப்பர் கிழிந்து, மீதி டைலிலேயே நின்றால் நம்பிப் பயன்படுத்தலாம். டேப் போல முழுசாக உரிந்து வந்தால் வேண்டாம்.

ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் புது டியூபே வாங்கிவிடுவது மேல். இறுகாத சிலிகானைச் சுரண்டி எடுத்த பிறகும் அதன் மெல்லிய படலம் டைலில் தங்கும். அதன்மேல் புது சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிட் நனைத்த துணியை மாற்றி மாற்றித் துடைத்தால்தான் போகும்.

தண்ணீர் கலந்து செய்த அக்ரிலிக் சீலன்ட் வகையின் கதை வேறு. அது நீர் ஆவியாகி உலர்வது. பசை மிருதுவாக, கட்டியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் பயன்படும். திரிந்துபோனதில் தண்ணீர் கலந்து மீட்கப் பார்க்காதீர்கள்.