பிளீனம்: தமிழில் காற்றுத் தேக்கறை

அமெரிக்காவிலோ கனடாவிலோ சொந்த வீட்டில் இருப்பவர்கள், ஃபர்னஸ் (வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் இயந்திரம்) பார்க்க வரும் மெக்கானிக் வாயிலிருந்து இந்தச் சொல்லை எப்படியும் கேட்டிருப்பார்கள். ஃபர்னஸோடு ஒட்டித் தகரத்தில் செய்த பெரிய பெட்டி ஒன்று இருக்கும், அதிலிருந்துதான் அறை அறையாகக் காற்றுக்குழாய்கள் பிரிந்து போகும், அதுதான் சப்ளை பிளீனம். அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்று சேரும் பெட்டி ரிட்டர்ன் பிளீனம்.

இலத்தீனில் பிளேனுஸ் என்றால் நிறைந்தது. வெற்றிடத்தைக் குறிக்கும் வாக்குவத்துக்கு நேர் எதிர்ச்சொல்லாகத்தான் பிளீனம் வந்தது; வெற்றிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது, வெளி முழுக்கப் பொருளால் நிறைந்திருக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் வாதிட்டாரே, அந்த நிறைவுக்கு இதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் பெரிய கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைத்தவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். விசிறியால் காற்றை உள்ளே தள்ளினால் பிளீனம் முறை, உள்ளிருப்பதை வெளியே இழுத்தால் வாக்குவம் முறை. அப்புறம் தள்ளிய காற்று வந்து சேரும் அறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. (2015இல் கொல்கத்தாவில் மார்க்சிஸ்ட் கட்சி நடத்திய பிளீனமும் இதே வேர்தான், நிறைந்த அவை.)

சரி, அந்தப் பெட்டி என்ன செய்கிறது? ஃபர்னஸின் விசிறியான புளோயரிலிருந்து வேகமாகவும் தாறுமாறாகவும் வரும் காற்று அகலமான பெட்டிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்துக்கு வருகிறது, அதனால்தான் எல்லாக் குழாய்க்கும் காற்று பிரிகிறது. மேல்நிலைத் தொட்டி வீட்டுக் குழாய்களுக்குச் செய்கிற அதே வேலை. அழுத்தம் ரொம்பச் சின்னது. தகரத்தில் சிறு துளை போட்டு அழுத்தம் அளக்கும் கருவியான மானோமீட்டரின் குழாயை நுழைத்து அளப்பார்கள், அளவு நீர்மட்ட அங்குலத்தில் வரும், அதாவது அந்த அழுத்தம் நீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்ற கணக்கு. வீட்டு ஃபர்னஸ் பலவற்றில் சப்ளை, ரிட்டர்ன் இரண்டு பக்கமும் சேர்த்து 0.5 அங்குலம் என்றுதான் தகட்டில் போட்டிருக்கும், அதாவது சுமார் 125 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஃபில்டரில் தூசி அடைத்தாலோ, புழங்காத அறைதானே என்று நாலைந்து காற்றுவாய்களை மூடினாலோ இது ஏறிவிடும், காற்றோட்டம் குறைந்து, கோடையில் அதே காற்றைக் குளிர்விக்கும் ஏசியின் குளிர் காயிலில் பனிக்கட்டி பிடிக்கும். தயவுசெய்து மூடாதீர்கள்.

இப்போது தமிழ்ச் சொல். இலத்தீனை அப்படியே பெயர்த்து 'நிறையறை' என்று போடலாம்தான், ஆனால் பள்ளி அறிவியலில் நிறை என்றாலே வேறு பொருள். அதைவிடப் பெரிய சிக்கல், ரிட்டர்ன் பெட்டியில் இருப்பது உறிஞ்சும் அழுத்தம், அங்கே நிறைவு எங்கே இருக்கிறது? 'காற்றறை' ரொம்பப் பொதுவாகிவிடுகிறது. நான் எழுதுவது காற்றுத் தேக்கறை. நீர்த்தேக்கத்தில் இருக்கும் அதே தேக்கு, திரட்டி வைத்துப் பிரித்து விடுவது. வழங்கு தேக்கறை, மீள் தேக்கறை என்று இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது. அலுவலகங்களில் பொய்க்கூரைக்கு மேலே காற்று திரும்பும் இடைவெளியில் போடும், தீப்பிடித்தாலும் புகை அதிகம் கக்காத பிளீனம் கேபிளுக்கு மட்டும் பழைய பெயரையே விட்டுவிடுகிறேன், கடையில் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்.