வாள்வீச்சு என்றே எழுதுங்கள்

பிரிட்டனின் டெஸ்பரோ பிரபுவை ‘வாள்சண்டை வீரர், விளையாட்டு அதிகாரி’ என்று எழுதியிருந்த குறிப்பைப் படித்ததும் பொறுக்க முடியவில்லை. இந்த வாள்சண்டையை எத்தனை தடவைதான் பார்ப்பது!

இந்த விளையாட்டு ஆங்கிலத்தில் ஃபென்சிங். ‘டிஃபென்ஸ்’ தலை தேய்ந்து ‘ஃபென்ஸ்’ ஆனது. காப்பு என்பதே வேர்ப்பொருள். தோட்டத்து வேலிக்கும் அதே சொல்தான். தமிழில் வாள்வீச்சு.

குத்துச்சண்டை என்கிறோமே, வாள்சண்டை என்றால் என்ன குறை என்று கேட்கலாம். குத்துச்சண்டையில் கையுறைதான் இருக்கிறது, யாரும் அதைக் கொலைச்சண்டை என்று நினைப்பதில்லை. வாள் அப்படியா? அதுவும் பிரபு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வாள்சண்டை வந்தால், மானத்துக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கதை என்றே படிப்பவர் நினைப்பார். டெஸ்பரோ யாரையும் வெட்டப் போகவில்லை. நயாகராவை இருமுறை நீந்திய அந்த மனிதர், 1906-இல் தன் 50-ஆவது வயதில், ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் எப்பே என்ற வகை வாளோடு பிரிட்டன் அணிக்காகக் களமிறங்கினார். அணிக்கு வெள்ளி கிடைத்தது. (அந்தப் போட்டியை ஒலிம்பிக் குழு இன்று கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.) முகத்தில் கம்பிவலைக் கவசம், பக்கத்தில் நடுவர், தொட்டால் புள்ளி. இதில் சண்டை எங்கே வந்தது? மற்போரைக் காட்டி ‘வாட்போர்’ என்று தூய தமிழாக்குகிறவர்கள் ஒரு படி மேலே போய் ஆளைப் போர்க்களத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

எப்பேயில் வீசுவதே இல்லை, முனையால் குத்துவது மட்டும்தானே என்பது நியாயமான கேள்வி. ஃபாயில் என்ற இன்னொரு வாள்வகையும் அப்படித்தான், நம் சென்னை பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய மூன்றாவது வகையான சேபரில்தான் வெட்டும் உண்டு. ஆனால் சிலம்பத்தில் குத்தும் தடுப்பும் இருந்தும் ‘கம்பு சுற்றுகிறான்’ என்றுதானே சொல்கிறோம்? ஒரு செயலைச் சொல்லி முழு ஆட்டத்தையும் குறிப்பது தமிழுக்குப் புதிதல்ல.

அப்புறம் அந்த ‘அதிகாரி’. தமிழில் அதிகாரி என்றால் அரசாங்கச் சம்பளக்காரர் என்றே காதில் விழும். டெஸ்பரோ 1905-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கத்தின் முதல் தலைவர். 1908 ஒலிம்பிக் போட்டியை நடத்த முடியாது என்று ரோம் விலகியபோது, அதை லண்டனுக்கு ஏற்றுக்கொண்டு முன்னின்று நடத்தியவர். அவர் விளையாட்டு நிர்வாகி. சங்கச் செயலாளர் முதல் தலைவர் வரை நாம் அன்றாடம் சொல்கிற அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மொழிபெயர்க்கிறவர்கள் ஏன் அதிகாரியைத் தேடிப் போகிறார்கள்?