கியூரேட்டர்: தொகுப்பாளர் அல்லர், நெறியாளர்

'கண்காட்சித் தொகுப்பாளர்' என்று அச்சிட்ட அழைப்பிதழ் இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறது. சமகாலக் கலை பற்றித் தமிழில் எழுதுவோர், கண்காட்சியைத் திட்டமிட்டு நடத்தும் கியூரேட்டரைத் (curator) தொகுப்பாளராக்கிவிட்டு அத்தோடு கடமை முடிந்ததென்று இருக்கிறார்கள். முடியவில்லை.

வேர் எளிது. லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை, பேணுதல். பழைய ரோமில் நகரின் நீர்வழிகளைக் கவனித்த அதிகாரியும் 'கூராட்டோர்', தன் சொத்தைத் தானே ஆள இயலாதவருக்கு நியமிக்கப்பட்ட காப்பாளரும் 'கூராட்டோர்'. பின்னாளில் அருங்காட்சியகப் பொருள்களைப் பேணுபவருக்கு அந்தப் பெயர் வந்தது. அவரைத் தமிழில் காப்பாட்சியர் என்கிறோம். நல்ல சொல், அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும். கிரிக்கெட்டிலும் ஒரு கியூரேட்டர் உண்டு. ஆடுகளப் பராமரிப்பாளர் என்று எழுதிப் பத்திரிகைகள் அழகாகத் தப்பித்துக்கொண்டன.

தகராறு மூன்றாமவரான சமகாலக் கலையின் கியூரேட்டரிடம்தான். உயிரோடு இருக்கும் கலைஞர்களோடு சேர்ந்து, இன்னும் உருவாகாத படைப்புகளுக்கு இடமும் காரணமும் தேடுகிறவர் இவர். 1969இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கியூரேட்டர் ஹரால்ட் சீமான் தாம் இயக்குநராக இருந்த கலைக்கூடத்தில் நடத்திய கண்காட்சியில், கலைஞர் லாரன்ஸ் வைனர் சுவரின் பூச்சைச் சதுரமாகப் பெயர்த்தெடுத்தார், அதுவே படைப்பு. இன்னொரு கலைஞர் மைக்கேல் ஹைசர் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையை இரும்புக் குண்டால் உடைத்தார். எழுந்த எதிர்ப்பில் சீமான் அந்த ஆண்டே இயக்குநர் பதவியை விட்டு விலகினார். இதில் அவர் எதைத் 'தொகுத்தார்'? பெயர்ந்த பூச்சையா, உடைந்த நடைபாதையையா?

தொகுப்பாளர் என்போர் கட்சிக்குச் சங்க இலக்கியம் துணைக்கு வரும் என்பது தெரியும். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று படித்திருக்கிறோம். பல புலவர்களின் பாடல்களிலிருந்து தேர்ந்து ஓரிடத்தில் வைத்தவர் கியூரேட்டர்தானே என்பார்கள். மறுக்கவில்லை, தேர்வு அங்கேயும் உண்டு. ஆனால் குறுந்தொகைக்கு எல்லை நான்கடி முதல் எட்டடி. அகநானூற்றுக்குப் பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. அடிக்கணக்கு வரம்பு கட்டியது, பாடல்கள் உள்ளே வந்தன. பூரிக்கோ எந்தப் புலவரிடமும் போய் 'உங்கள் பாடலை இந்தச் சுவரில் எழுதினால் என்ன ஆகும்?' என்று கேட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. தொகுப்பது முடிந்தவற்றின் மேல் செய்யும் வேலை. கியூரேட்டர் முடியாதவற்றின் நடுவே நிற்பவர்.

போதாக்குறைக்கு, தொலைக்காட்சியில் சிரித்தபடி அடுத்த பாடலை அறிவிப்பவரும் தொகுப்பாளர், கட்டுரைகளை நூலாக்குபவரும் தொகுப்பாளர், திரைப்படத்தை வெட்டி ஒட்டுபவர் படத்தொகுப்பாளர். ஒரு சொல்லின் முதுகில் எத்தனை பேர்தான் ஏறுவது? வேரைப் பிடித்துக்கொண்டு 'பேணுநர்' என்போரும் உண்டு. லத்தீனுக்கு விசுவாசமான சொல், கலைக்கு உதவாது.

என் பரிந்துரை நெறியாளர். எந்த நெறியாளர் என்பது தெளிவில்லாத இடத்தில் காட்சி நெறியாளர். இச்சொல்லைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஆய்வு நெறியாளர் என்று வைத்திருக்கிறது. ஆய்வை எழுதுபவர் மாணவர், வழி விலகும்போது கேள்வி கேட்டுத் திருப்புபவர் நெறியாளர். கியூரேட்டருக்கும் கலைஞருக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். கற்பித்தல் இந்தத் தொழிலுக்குள் கலந்து பல காலமாகிறது. 1972இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நூறு நாள் நடந்த டாக்குமென்டா கலைக் கண்காட்சியில், கலைஞரும் ஆசிரியருமான ஜோசப் பாய்ஸ் சிலை எதையும் வைத்துவிட்டுப் போய்விடவில்லை. நேரடி மக்களாட்சிக்கென ஓர் அலுவலகம் திறந்து, நூறு நாளும் வந்தவர்களோடு விவாதித்தார். இடமில்லை என்று திருப்பியனுப்பப்பட்ட மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டதற்காக டுசெல்டார்ஃப் கலைக்கழகத்திலிருந்து அவர் பணிநீக்கம் செய்யப்பட்டதும் அதே ஆண்டில்தான். 2006இல் சைப்ரஸின் நிக்கோசியாவில் நடக்கவிருந்த மனிஃபெஸ்டா என்ற ஐரோப்பியக் கலைக் கண்காட்சி இன்னும் ஒருபடி மேலே போனது. கண்காட்சியே வேண்டாம், ஒரு கலைப்பள்ளி நடத்துவோம் என்று அதன் கியூரேட்டர்கள் மூவரும் திட்டமிட்டார்கள். கிரேக்கர் பகுதி, துருக்கியர் பகுதி என்று பிளவுபட்ட நகரின் மறுபகுதியான துருக்கியர் பக்கத்திலும் பள்ளி இயங்குவது பற்றிய தகராறில் எல்லாமே ரத்தானது. அவர்களில் ஒருவரான ஆன்டன் விடோக்கிள் பெர்லினில் ஓராண்டு அதைப் பள்ளியாகவே தொடர்ந்தார். பள்ளி நடத்துபவரைத் தொகுப்பாளர் என்று கூப்பிட நமக்கு நா கூச வேண்டாமா?

தொலைக்காட்சி விவாதம் நடத்துபவரும் நெறியாளர்தானே என்று மடக்கலாம். மடக்கட்டும். பேச்சு தடம் புரளாமல் பார்ப்பவர் என்ற பொருள் அங்கேயும் கெடவில்லை. சில விவாதங்களில் தடமே இல்லை என்பது வேறு கதை. வினையும் தடையின்றி வருகிறது: நெறிப்படுத்தினார். காப்பாட்சியரிலிருந்து ஒரு வினையை உருவி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். இலங்கையில் நாடகம் போடுவோர் 'நெறியாள்கை' என்று நெடுங்காலமாக எழுதுகிறார்கள். கண்காட்சிச் சுவரொட்டியில் 'நெறியாள்கை: இன்னார்' என்று போட இதைவிட வேறு முன்மாதிரி வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வழக்கும் பாக்கி. சமகாலக் கலையை நவீனக் கலை என்று எழுதுவதை எப்போது நிறுத்துவீர்கள்? பிக்காசோ நவீனர், நேற்று ஓர் அறையைப் புகையால் நிரப்பி அதைப் படைப்பு என்றவர் சமகாலத்தவர். ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் தொகுப்பாளரையும் நுழைத்தால், யார் எப்போது எதைச் செய்தார் என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?