போன் நம்பரை இன்டிஜரில் போடாதீர்கள்

இந்த வாரமும் அதே கேஸ். வாடிக்கையாளர் டேபிளைத் திறந்தால் போன் நம்பர் ஃபீல்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: 2147483647. டேபிளைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ வார்சாராக (எழுத்து வகை) இருந்ததை இன்டிஜராக (முழு எண் வகை) மாற்றியிருக்கிறார். இன்டிஜரின் உச்சவரம்பு அதுதான், அதைத் தாண்டிய ஒவ்வொரு நம்பரையும் மைஎஸ்க்யூஎல் (டேபிளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) அந்த உச்ச எண்ணாகவே எழுதிவிட்டது. பதறிப்போய்த் திரும்ப வார்சாருக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். வராது. அழிந்துபோனது வகையை மாற்றினால் எப்படி வரும்?

"எல்லாம் நம்பர்தானே சார், அதான் இன்டிஜர்" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இரண்டு போன் நம்பரை என்றைக்காவது கூட்டப் போகிறீர்களா? அஞ்சல் குறியீட்டுக்குச் சராசரி எடுப்பீர்களா? கணக்குப் போடப் போவதில்லை என்றால் அது எழுத்து, வார்சாரில்தான் இருக்க வேண்டும். இன்டிஜரில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும், நடுவில் கோடு இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளதும் போகும். இடம் மிச்சம் என்றும் ஒரு வாதம் வரும். பத்து இலக்க நம்பருக்கு வார்சாரில் 11 பைட், இன்டிஜரில் 4. பத்து லட்சம் வரிக்கு மிச்சமாவது 7 எம்பி, அதற்காகவா இத்தனை பாடு?

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் வேறு. மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பிலிருந்து, தவறான டேட்டாவை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோடு தானாகவே இயங்கும், இப்படி மாற்றப் போனால் 1264 என்று எரர் காட்டி நிறுத்திவிடும். ஏதோ ஒரு இம்போர்ட் நின்றுபோனது என்று அந்த மோடை அணைத்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். எரர் வந்தால் டேட்டாவைத் திருத்துங்கள்.

அப்புறம், பணத்துக்கு டெசிமல் வகை மட்டும்தான், எண்ணைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் 0.1 கூடத் துல்லியமாக நிற்காது. தேதிக்கு டேட் வகை. எழுத்தாக வைத்தால் 02-01-2024 என்பது 15-12-2023-க்கு முன்னால் போய் நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் கை வைக்கும் முன் நகல் எடுங்கள். மைஎஸ்க்யூஎல்லை பிரவுசரில் கையாளும் பிஹெச்பிமைஅட்மினில் ஆபரேஷன்ஸ் பக்கத்திலேயே காப்பி வசதி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில், கட்டளைகளை ஒரே தொகுப்பாக ஓட்டும் டிரான்சாக்‌ஷனுக்குள் ஆல்டர் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) செய்தால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம், மைஎஸ்க்யூஎல்லில் அந்த வழியே இல்லை, ஆல்டர் கொடுத்தவுடன் கமிட் ஆகி நிரந்தரமாகிவிடும். பழைய ஃபீல்டை மாற்றாமல் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, டேட்டாவை அதில் நிரப்பி, சரிபார்த்த பிறகு பழையதை நீக்குங்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? சரி, அந்த டேபிளில் மேற்கொண்டு எதையும் மாற்றாதீர்கள். கடைசி பேக்கப்பைத் தேடுங்கள், பைனரி லாக் (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் பதிவு) இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அந்த ஆல்டருக்கு முந்தைய நொடி வரை மீட்டுவிடலாம்.