"புரிஞ்சுது மேம்" என்று சொன்ன வகுப்பு

நியூட்டனின் விதிகளை மூன்று வாரம் நடத்தி முடித்திருந்தேன். முதலாமாண்டு இயற்பியல் வகுப்பு. ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன், "புரிஞ்சுது மேம்" என்று கோரஸாகப் பதில் வரும், நானும் நிம்மதியாக ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவேன். இன்டர்னல் தேர்விலும் மார்க் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ஒரு நாள், போர்ஷன் முடிந்து பத்து நிமிடம் மிச்சமிருந்தபோது ஒரு கேள்வி போட்டேன். ஒரு கல்லை நேராக மேலே எறிகிறோம். உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணத்தில் அதன் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வகுப்பில் பாதிக்கும் மேல் "விசையே இல்ல மேம், அதனாலதான் நிக்குது" என்றார்கள். வேறு சிலர், எறிந்த கை கொடுத்த விசையும் புவியீர்ப்பு விசையும் அங்கே சமமாகிவிடுகின்றன என்றார்கள். இன்டர்னலில் முதல் மார்க் வாங்கிய பெண்ணும் அதைத்தான் சொன்னாள். மேலே போகும்போதும் உச்சியிலும் கீழே வரும்போதும் கல்லின் மீது இருப்பது புவியீர்ப்பு விசை மட்டும்தான் என்று சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இவர்கள் எல்லோரும் மூன்று விதிகளையும் கமா, முற்றுப்புள்ளி பிசகாமல் எழுதக்கூடியவர்கள். படிக்காத பிள்ளைகள் இல்லை. நானும் ஏனோதானோவென்று நடத்தவில்லை. அப்படியானால் அந்த மூன்று வாரமும் அந்த வகுப்பறையில் என்னதான் நடந்தது?

இதே கேள்வியை நாற்பது வருடங்களாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. பி.எச்டி.யும் நெட் தேர்வும் முடித்து வேலைக்கு வந்தவள் நான். ஆனால் கற்பிப்பதைப் பற்றி நடந்த ஆய்வுகள் எதையும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய கூட்டாளிகளும் 1992இல் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். அதில் கணக்கு போடும் வேலையே இல்லை. எல்லாம் என் கல் கேள்வி மாதிரியானவை. ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருந்த தவறான விடைகள், மாணவர்கள் உண்மையிலேயே மனதில் வைத்திருக்கும் நம்பிக்கைகள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், இந்தக் குழுவின் ஆரம்பகால ஆய்வுகளைப் படித்துவிட்டு, தன் மாணவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம் என்ற நம்பிக்கையில் அவர்களுக்கும் அப்படியொரு தேர்வு வைத்தார். மாணவர்கள் பெரிதும் பாராட்டிய ஆசிரியர் அவர். தேர்வின்போது ஒரு மாணவி கேட்டாளாம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதணுமா, இல்லை நான் இதையெல்லாம் எப்படி நினைக்கிறேனோ அப்படி எழுதணுமா என்று. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு இயற்பியல் வைத்திருந்தது. ஒன்று தேர்வுக்கு, மற்றொன்று உலகத்துக்கு. நான் முதலாவதை மட்டுமே திருத்தி மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக், இந்த வகைத் தேர்வுகளில் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். பாடம் தொடங்கும்போது தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைப் பாடம் முடியும்போது கற்றிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய அளவுகோல். ஆசிரியர் பேச, மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளும் வகுப்புகளில் சராசரி 0.23. அதாவது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மாணவர்கள் யோசித்து, விவாதித்து, உடனுக்குடன் சரிபார்த்துக்கொள்ளும் வகுப்புகளில் 0.48. பிறகு 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம் என்று வந்தது. அரியர் என்றால் நம் ஊர் வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த 12 சதவீதம் எனக்கு வெறும் எண்ணாகப் படவில்லை.

சரி, வகுப்பில் என்ன செய்வது? நான் பின்பற்றுவது மசூரின் முறையைத்தான். பத்துப் பதினைந்து நிமிடம் நடத்துகிறேன். பிறகு நான்கு விடைகளோடு ஒரு கேள்வியைப் போர்டில் எழுதுகிறேன். பக்கத்தில் யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு ஒட்டி ஒன்றிலிருந்து நான்கு விரல் காட்ட வேண்டும். நெஞ்சோடு ஒட்டி என்பது முக்கியம், அப்போதுதான் பின் பெஞ்சுக்காரர் முன் பெஞ்சைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொன்னால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். கிட்டத்தட்ட யாருக்குமே தெரியவில்லை என்றால் மறுபடி நடத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அதுதான் பொன்னான இடம்: உங்கள் விடைக்கு மாறாக வேறு விடை சொன்னவரைப் பக்கத்தில் பிடித்து, உங்கள் விடைதான் சரி என்று அவருக்குப் புரியவையுங்கள் என்று விட்டுவிடுகிறேன். இரண்டு மூன்று நிமிடம். வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும், ஆகட்டும். அப்புறம் மறுபடி விரல். அதற்கப்புறம்தான் நான் வாயைத் திறப்பேன்.

இந்த விவாதத்தைத் தமிழிலேயே செய்யச் சொல்கிறேன். பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு வந்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் நோட்ஸ் எழுதிக்கொண்டு, ஒரு வருடம் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர். "ஏய், கல்லு கைய விட்டப்புறம் கை எப்படிடா தள்ளும்?" என்று அவர்களில் ஒருவன் பக்கத்து மாணவனை மடக்கியதைக் கேட்டேன். நான் மூன்று வாரம் சொல்ல முயன்றதும் அந்த ஒரு வரியைத்தான்.

கெட்டிக்காரர் சொல்வதை மற்றவர்கள் அப்படியே காப்பியடிப்பார்கள், அவ்வளவுதானே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித் குழு மரபியல் வகுப்பு ஒன்றில் இதையே சோதித்து 2009இல் வெளியிட்டது. ஒரு கேள்வி, விவாதம், மறுபடி வாக்கு. பிறகு அதே கருத்தை வேறு மாதிரிக் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். அதிலும் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள். ஆரம்பத்தில் யாருக்குமே விடை தெரியாத குழுக்கள்கூட, பேசிப் பேசிச் சரியான விடைக்கு வந்ததற்கான தடயங்கள் கிடைத்தன.

கருவி வாங்க நிதி இல்லை என்பதும் காரணம் ஆகாது. பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் கருவிக்கும் சாதாரண அட்டைக்கும் கற்றலில் வித்தியாசம் இருக்கிறதா என்று கனடாவில் பார்த்தார்கள், இல்லை. ஸ்மார்ட் போர்டு போட்டுவிட்டதாலேயே வகுப்பு மாறிவிடாது என்பதற்கும் இதேதான் காரணம். செயல்விளக்கத்துக்கும் இது பொருந்தும். ஹார்வர்டில் 2004இல் வெளியான ஆய்வின்படி, சோதனையைச் செய்துகாட்ட வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் அதிகம் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஒரு விடை சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் புரிந்துகொண்டார்கள். அதற்கு ஆன கூடுதல் நேரம் ஓரிரு நிமிடம்தான்.

இந்த முறைக்கு மாறிய முதல் செமஸ்டரில் மாணவர்களே என்னிடம் புகார் செய்தார்கள். "மேம், நீங்க முன்ன மாதிரி நடத்துங்க, அதுதான் நல்லா புரியுது." எனக்கு நிஜமாகவே வலித்தது, பழையபடி போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நிறுத்தி வைத்தது 2019இல் வெளியான ஒரு ஹார்வர்ட் ஆய்வு. ஒரே பாடம், ஒரே தாள்கள்; ஒரு பாதி மாணவர்களுக்குச் சரளமான விரிவுரை, மறுபாதிக்குத் தாங்களே கேள்விகளோடு மல்லுக்கட்டும் வகுப்பு. தேர்வில் அதிகம் வாங்கியது மல்லுக்கட்டியவர்கள். ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்தது விரிவுரை கேட்டவர்கள்! தெளிவாகப் பேசுகிறவரைக் கேட்கும்போது, அந்தத் தெளிவு நமக்கே வந்துவிட்டது மாதிரி தோன்றுகிறது. தட்டுத் தடுமாறும்போது எதுவுமே ஏறவில்லை என்று தோன்றுகிறது. "புரிஞ்சுது மேம்" என்று என் வகுப்பு சொன்னபோது அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. இப்போதெல்லாம் செமஸ்டரின் முதல் நாளே இந்த ஆய்வை அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். கஷ்டமாக இருந்தால் பயப்படாதீர்கள் என்றும் சொல்கிறேன். புகார் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒன்று. நோட்ஸை நாலாவது தடவை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறதே, அதுவும் இதே மாயைதான். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 81 சதவீதம் சொன்னார்கள், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வுக்கு முந்தின ராத்திரி படிப்பவருக்கு முதல் கணக்கு போதும். அடுத்த செமஸ்டரிலும் இது தேவைப்படும் என்றால் புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத் தாளை எடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரி உயிரியல் வகுப்புகளைப் பற்றி 2011இல் வந்த ஓர் ஆய்வில், சாதாரண ஆசிரியர்கள் இப்படிப்பட்ட செயல்பாடுகளை எத்தனை தடவை செய்தார்கள் என்பதற்கும் மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. குழுவாக உட்கார வைத்துவிட்டால் கற்றல் தானாக நடந்துவிடாது. கேள்வி சரியாக இருக்க வேண்டும், மாணவர் மனதில் உண்மையில் இருக்கும் தவறைத் தொட வேண்டும். பழைய பல்கலைக்கழக வினாத்தாளின் ஒரு மார்க் கேள்வியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. எனக்கும் அப்படிப் பல பீரியடுகள் வீணாகியிருக்கின்றன. நல்ல கேள்விகள் எனக்குக் கிடைத்தது விடைத்தாள்களிலிருந்துதான். பலர் ஒரே மாதிரித் தப்பு செய்திருந்தால் அதைத் தனி நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த வருடக் கேள்விக்கு அதுவே தவறான விடையாகிறது.

போர்ஷன் முடியாதே என்பீர்கள். எனக்கும் சில பகுதிகளை வகுப்பில் தொட நேரமில்லைதான். நேரடியான வருவித்தல்களையும் வரையறைகளையும் வீட்டில் படித்து வரச் சொல்லி, அவற்றில் ஒன்றிரண்டைக் கேட்டு இன்டர்னல் மார்க்கோடு சேர்த்துவிடுகிறேன். முழுதாகச் சமாளித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு செமஸ்டரும் இழுபறிதான்.

ஒரே ஒரு வகுப்பில் முயன்று பார்க்க நினைத்தால் இந்தக் கேள்வியைப் போடுங்கள். லோடு ஏற்றிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. லாரி காரின் மீது செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா, இரண்டும் சமமா, அல்லது வேகத்தைப் பொறுத்ததா? மூன்றாம் விதியை நடத்தி முடித்த மறுநாள் கேளுங்கள். விரல்களை எண்ணி முடிக்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள்.