த்ரெட் ஒன்றுதான், ஸ்டாக் ஒன்றல்ல

டெபியன் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேவையை, கன்டெய்னரின் (சேவையையும் அதற்குத் தேவையானவற்றையும் அடைத்த பொதி) அளவு குறையட்டும் என்று ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸுக்கு மாற்றுவார்கள். கம்பைல் ஆகும், சோதனைகளும் தேறும். பிறகு ஒரு நாள், அடுக்கடுக்காக ஆழம் போகும் ஜேசான் கோப்பு ஒன்று வந்ததும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (நினைவக அத்துமீறல்) என்று விழும். இப்படிப் புகார் வரும்போது நான் முதலில் கேட்பது, விழுந்தது மெயின் த்ரெட்டா, துணை த்ரெட்டா என்றுதான். த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்; ஃபங்ஷன் அழைப்புகளைக் குறித்துவைக்க ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக் என்ற தனி நினைவக இடம் உண்டு.

1995-இல் வந்த போசிக்ஸ் த்ரெட் தரநிலை (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவானது, சுருக்கமாக பித்ரெட்), த்ரெட்டை உருவாக்கும் ஃபங்ஷன்களை வரையறுத்தது. அதற்கு இயல்பாக எவ்வளவு ஸ்டாக் என்பதை லைப்ரரியிடமே விட்டுவிட்டது. டெபியனில் உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சி, ‘யூலிமிட் -எஸ்’ என்ற ஸ்டாக் வரம்பின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். வழக்கமாக 8 எம்பி. ஆல்பைனில் உள்ள சி லைப்ரரியான மசல் துணை த்ரெட்டுக்குத் தருவது 128 கேபி. மேக்ஓஎஸ் 512 கேபி. மெயின் த்ரெட்டின் ஸ்டாக்கைக் கவனிப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்பதால், ஜேசானின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் அதே ரிகர்ஷன் அங்கே சிக்கலின்றி ஓடிவிடும். ஆளை ஏமாற்றுவது இதுதான்.

யூலிமிட்டை உயர்த்தலாமே என்பார்கள். மசல் அதைக் கண்டுகொள்ளாது. ஜிலிப்சியில் ‘அன்லிமிடெட்’ என்று கொடுத்தாலோ, எக்ஸ்86-64 கணினியில் துணை த்ரெட்டுக்குக் கிடைப்பது 2 எம்பி, முன்பிருந்ததில் கால்பங்கு! ஆகவே த்ரெட்டை உருவாக்கும்போதே அளவை நீங்களே குறிப்பிடுங்கள். 64 பிட் கணினியில் கஞ்சத்தனம் தேவையில்லை: ஒதுக்கப்படுவது முகவரி இடம்தான், தொட்ட நினைவகப் பக்கங்களுக்கு மட்டுமே ரேம் செலவாகும்.

‘பல த்ரெட்டுகளைச் சில கெர்னல் த்ரெட்டுகள் மேல் ஓட்டுவது சிக்கனம்’ என்ற பழைய பாடப்புத்தக அறிவுரையை இன்றைய பித்ரெட்டுக்குப் பொருத்த வேண்டாம். யூனிக்ஸ் வகை இயங்குதளமான சோலாரிஸ் 2002-இல், 9-ஆம் பதிப்போடு அந்த மாதிரியைக் கைவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி 2008-இல் 7.0-இலும், நெட்பிஎஸ்டி 2009-இல் 5.0-இலும் ஒரு த்ரெட்டுக்கு ஒரு கெர்னல் த்ரெட், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்ற முறைக்கு வந்தன. லினக்ஸில் ஐபிஎம்மின் பழைய மாதிரி த்ரெட் லைப்ரரியான என்ஜிபிடி, ட்ரெப்பரும் மோல்னாரும் எழுதிய ஒன்றுக்கு ஒன்று லைப்ரரியான என்பிடிஎல்லிடம் தோற்றது. பழைய மாதிரியின் சிக்கல் இதுதான்: எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் லைப்ரரியில் ஒன்று, கெர்னலில் இன்னொன்று. ஒன்றின் முடிவு மற்றதற்குத் தெரியாது. சிக்னல் (நிரலுக்குக் கெர்னல் அனுப்பும் அறிவிப்பு) கையாளுதலோ தனித் தலைவலி.

அதே மாதிரி இப்போது ஒரு மாடி மேலே, மொழிகளின் ரன்டைமில் (நிரலை ஓட்டும் அடித்தளம்) திரும்பியிருக்கிறது: கோ மொழியின் கோரூட்டீன், ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட். பழைய வம்பும் கூடவே வந்தது. ஜாவா 21-இல் ‘சிங்க்ரனைஸ்டு’ பகுதிக்குள் (ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் இடம்) ஐ/ஓவுக்கு, அதாவது தரவு வந்துசேரவோ போய்ச்சேரவோ காத்திருந்தால், அடியில் உள்ள கெர்னல் த்ரெட்டும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். ஜாவா 24-இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு மாற இயலாதவர்கள் அந்த இடங்களில் ரீஎன்ட்ரன்ட்லாக் என்ற பூட்டை வைத்துக்கொள்ளலாம்; நீங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் டிரைவரின் உள்ளேயும் ‘சிங்க்ரனைஸ்டு’ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.